மெரினா காற்றுக்கு வியர்க்கவில்லை

சென்னையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெங்களூரு வந்து சேர்வதற்குள் ஏன் தலையணை மாதிரி உப்பிக்கொள்கிறது? நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்த்துவிட்டுப் பிரித்துத் தின்றிருப்பீர்கள். காரணம் தெரியாவிட்டால் பரவாயில்லை, இந்தக் கதை முடிவதற்குள் தெரிந்துவிடும். அதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த ஒருவன்தான் அதைக்கொண்டே எல்லோரையும் ஏமாற்றப் பார்த்தான்.

"அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறா மேடம். என் அக்காவே. என் மேல கம்ப்ளெயின்ட் கொடுக்க."

சொன்னவன் விஜய்குமார். நாற்பதைத் தாண்டியவன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. ராத்திரி ஷிப்டின் சிவப்பு இன்னும் கண்ணில் இருந்தது.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. மெழுகுவத்திக் கடைக்கு மேலே கேரலின் அலுவலகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்த கேரல், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"ஸ்டேஷன்ல பேர் வந்தா வேலை போயிடுமா?" என்று கேட்டாள்.

"கேட்லயே கார்டைப் புடுங்கிட்டு அனுப்பிடுவாங்க மேடம். ஆனா நான் அதுக்காக வரல. அக்காவோட கூட்டாளி தாஸ்னு ஒருத்தன், அவளை ஏமாத்தறான். அது அவளுக்குத் தெரியணும். அவ என்னை நம்பினா போதும்."

"காணாமப் போனது இன்னா, தங்கமா?" வாசலில் சாய்ந்து நின்ற அய்யாவு கேட்டான். ஆட்டோ ஓட்டுவது அவன் தொழில். கேரலுக்கு உதவி செய்வது அவன் பொழுதுபோக்கு. கேட்காத கருத்தைச் சொல்வது பிறவிக்குணம்.

"தங்கம் எடுத்த இடத்துலேர்ந்து வந்ததுதான். ஆனா கண்ணாடி. டியூப் லைட் மாதிரி ஒல்லியா இருக்கும்."

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவன் அப்பா. பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில், விஞ்ஞானிகள் இந்த மாதிரிக் குழாய்களை அடுக்கடுக்காக வைத்துக் காத்திருந்தார்கள். வானத்திலிருந்து வரும் துகள் ஒன்று அத்தனை பாறையையும் துளைத்துக்கொண்டு வந்தால் குழாய் பளிச்சென்று மின்னும். ஆராய்ச்சியை மூடியபோது, கூடவே மூட்டை தூக்கிய மனிதருக்கு ஒரு குழாயை ஞாபகமாகக் கொடுத்தார்கள். அவர் போன பிறகு மகள் எலிசபெத் அதை வைத்துத்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அறிவியல் காட்சி நடத்துகிறாள். கூட்டாளி தாஸ், தங்கவயலில் அதே சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வரிசையில் வளர்ந்தவன்.

"வெளிநாட்டுல யாரோ பழைய கருவியெல்லாம் சேக்கறவன் கேட்டான். அக்கா குடுக்கலாம்னா. நான் மாட்டேன்னேன். அப்பா விக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நேத்து மத்தியானம் அக்கா கோயில் பாட்டு ப்ராக்டிசுக்குப் போயிட்டு வந்து பாத்தா, டியூப் இல்ல. அலமாரிப் பூட்டு உடையல."

"சாவி?"

"ரெண்டு. ஒண்ணு அக்காகிட்ட, ஒண்ணு என்கிட்ட. அக்கா சாவி எப்பவும் ஆணியில தொங்கும். அந்த வீட்டுக்குள்ள இஷ்டத்துக்கு வந்து போறவன் தாஸ் ஒருத்தன்தான். ஆனா அவன் நேத்து முழுக்க சென்னையில இருந்தானாம்."

"நீ எங்க இருந்த?"

"ஷிப்ட் முடிச்சு ரூம்ல தூங்கிட்டிருந்தேன். பாத்தவங்க யாரும் இல்ல."

"தூங்கறவனுக்கு சாட்சி வேணும்னா கொசுவைத்தான் கூப்பிடணும்" என்றான் அய்யாவு.

"ஆட்டோவை எடு" என்றாள் கேரல்.

*

தொம்மலூர். கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், பழைய ஊரின் குறுகலான தெருவில் எலிசபெத்தின் வீடு. மழைத் தூறலும் ஜிலுஜிலுப்பும். கூடத்தில் பலூன், காந்தம், சோப்புக் குமிழி வளையம் என்று காட்சிச் சாமான்கள்.

எலிசபெத் தம்பியைப் பார்க்கவில்லை. கேரலை மட்டும் பார்த்தாள்.

"யாரை வேணா கூட்டிட்டு வரட்டும் மேடம். அஞ்சு மணி வரைக்கும்தான் பொறுப்பேன். அப்பாவோட ஞாபகம் அது."

தாஸ் எழுந்து நாற்காலி போட்டான். மேடைக்குப் பழகிய குரல், மேடைக்குப் பழகிய சிரிப்பு. மேஜையில் ஒரு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. மூடி இறுக்கமாக இருந்தது.

"இதுதான் மேடம் என் சாட்சி. மெரினா காத்து."

"காத்தா?"

"நாளைக்கு ஒரு ஸ்கூல்ல ஷோ. அதுக்காகவே போயி ரெண்டு பாட்டில் புடிச்சிட்டு வந்தேன். கடற்கரையில காத்தோட பாரம் ஜாஸ்தி. அங்க மூடினா உள்ள நெருக்கியடிச்சு உக்காந்திருக்கும். பெங்களூரு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உசரம். இங்க வெளியிலேர்ந்து அமுக்கறது கம்மி. உள்ள இருக்கறது வெளிய வரேன் வெளிய வரேன்னு முட்டும். தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கும்."

அய்யாவு தட்டிப் பார்த்தான். டங் என்றது. "எங்க மாமியார் ஊர்லேர்ந்து வந்து இறங்கற மாதிரியே இருக்கு. மூஞ்சி உப்பி, எப்ப வெடிக்கும்னு தெரியாம."

"காலைல ஒண்ணைத் தொறந்து காட்டினேன், விஜய் முன்னாடியே. உஸ்ஸுன்னு வந்துச்சு. கடல் வாசனைகூட அடிச்சுது. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

விஜய்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "அடிச்சுது."

"பெங்களூருல மூடின பாட்டில் உஸ்ஸுங்காது மேடம். உள்ளயும் வெளியயும் ஒரே பாரம்."

"டிக்கெட் இருக்கா?"

"ஜெனரல் பெட்டி. வெளிய வந்ததும் கிழிச்சுப் போட்டேன்."

"சென்னையில நேத்து மழையோ?"

"மழையா? புழுங்கித் தள்ளிடுச்சு. சட்டையைப் புழிஞ்சிருந்தா ஒரு குடம் ரொம்பியிருக்கும்."

கேரல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. அவ்வளவு சுத்தம்.

"இதைக் கொஞ்ச நேரம் எடுத்துட்டுப் போறேன். தொறக்க மாட்டேன்."

"தாராளமா" என்றான் தாஸ்.

அவர்கள் கிளம்புவதற்குள் எலிசபெத் தட்டுகளை எடுத்துவந்துவிட்டாள். பழக்கம் அப்படி. போலீசுக்குப் போகிற நாளானாலும் வீட்டுக்கு வந்தவர்கள் பசியோடு போகக் கூடாது.

"வஞ்சரம். ஞாயித்துக்கிழமைக்குன்னு வச்சிருந்தது. நேத்து காலைலயே மொத்தத்தையும் கொழம்பு வச்சிட்டேன். நேத்துக் கொழம்புக்குத்தான் ருசி."

தம்பியின் முன்னாலும் ஒரு தட்டு வந்தது. அவன் தொடவில்லை. அய்யாவு இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். காரம் ஏறியது.

"ஜில்லுனு தண்ணி இருக்குமா அக்கா? ரெண்டு ஐஸ் போட்டு?"

"ஐஸ் இல்லப்பா."

சமையலறைத் திண்டில் ஐஸ் தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்துகொண்டிருந்தன. இதை மனதின் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. கேரலும் அப்படித்தான் வைத்துக்கொண்டாள்.

*

தெருமுனையில் ஜூஸ் கடை. கேரல் கடைக்காரரிடம் ஒரு வாளி நிறைய உடைத்த ஐஸ் கேட்டாள். பிறகு, துளி ஈரமில்லாத காலி பாட்டில் ஒன்றும் கேட்டாள்.

"மழையில நின்னுகிட்டு ஐஸ் கேக்கறாங்க. குரு, தப்பா நெனச்சுக்காதீங்க, இவங்க எப்பவும் இப்படித்தான்" என்று அய்யாவு கடைக்காரரைச் சமாதானப்படுத்தினான்.

கேரல் காலி பாட்டிலைத் தெருவில் நாலு முறை வீசிக் காற்றை வாங்கினாள். மூடியை இறுக்கினாள். அதையும் மெரினா பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் ஐஸுக்குள் புதைத்தாள்.

"இன்னா மேடம் செய்றீங்க?" என்றான் விஜய்குமார்.

"ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளிய ஏன் வியர்க்குது, சொல்லு."

"காத்துல இருக்கற ஈரம். குளிர்ந்த கண்ணாடியில பட்டதும் தண்ணியாயிடும். அப்பா சொல்லிக் கொடுத்திருக்காரு."

"சென்னைக் காத்துல எவ்வளவு ஈரம்?"

"அது காத்தா மேடம்?" என்றான் அய்யாவு. "ரசம். வடிகட்டித்தான் மூச்சு விடணும்."

"அந்த ரசத்தைப் பாட்டில்ல அடைச்சு, இந்தக் குளிருக்குக் கொண்டுவந்திருக்கான். ஐஸே வேணாம், தானாவே உள்பக்கம் மூட்டம் போட்டிருக்கணும். ஆனா வீட்டுல பாத்தப்போ பளிச்சுனு இருந்துச்சு. சரி, என் கண்ணுல கோளாறோன்னு ஐஸையும் கேட்டுப் பாக்கறேன்."

கொஞ்ச நேரம் மூவரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரரும் வந்து நின்றுகொண்டார்.

கேரல் இரண்டையும் வெளியே எடுத்தாள். இரண்டின் வெளிப்புறத்தையும் முந்தானையால் அழுந்தத் துடைத்தாள்.

தெருக்காற்றை அடைத்த பாட்டிலின் உள்பக்கம் வெள்ளையாக மூடுபனி போர்த்தியிருந்தது.

மெரினா பாட்டிலில் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அதன் வழியாகப் பார்த்தால் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கலாம்.

"தொம்மலூர் தெருக்காத்துகூட அழுவுது" என்று அய்யாவு மெல்லச் சொன்னான். "மெரினாவுக்கு வியர்க்கலையே."

"அது மெரினாவே இல்ல. கடற்கரைக்கே போகாத காத்து."

"அப்ப உஸ்ஸுன்னு வந்தது? நானே கேட்டேனே மேடம்" என்றான் விஜய்குமார்.

"காத்தை நெருக்கி உக்கார வைக்க இன்னொரு வழி இருக்கு. குளிர வை, சுருங்கும். பாட்டிலை வாய் திறந்தபடி ஒரு நாள் முழுக்க ஃபிரீசர்ல வச்சு, உள்ளயே மூடி, வெளிய எடு. சூடேற ஏற உப்பும். அசல் சென்னைக் காத்து மாதிரியே முட்டும், தொறந்தா சீறும். ஆனா பழைய ஃபிரீசரோட சுவத்துல பனி படிஞ்சு கிடக்கும் பாத்திருப்பே. அந்தச் சுவர் காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் தன்கிட்ட இழுத்துக்கும். உள்ள மறந்துபோய் வச்ச சப்பாத்தி அட்டை மாதிரி ஆகுதுல்ல, அதே கதை. தாஸ் பாரத்தை சரியாச் செஞ்சான். வியர்வையை விட்டுட்டான்."

விஜய்குமாரின் முகம் காலையிலிருந்து முதல் முறையாக மலர்ந்தது. கேரலின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் மேடம், இது போதும். இந்த ரெண்டு பாட்டிலையும் அக்கா முன்னாடி வச்சாப் போதும். அவளும் இதே பாடம் நடத்தறவதானே, பாத்ததும் புரிஞ்சுக்குவா. பாவம், அவனைக் கூடப்பொறந்தவன் மாதிரி நம்பிட்டா."

கேரல் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"சாக்கு பா, போதும், இன்னும் இன்னா ஆராய்ச்சி?" அய்யாவு ஆட்டோ சாவியைச் சுழற்றினான். "நேரா தாஸ் ரூமுக்குப் போவோம். ஃபிரிட்ஜோட புடிப்போம்."

விஜய்குமார் சிரித்தான். "அவன் ரூம்ல ஏது ஃபிரிட்ஜ்? மண்பானைதான். ஐஸ் வேணும்னாகூட அக்கா வீட்டுக்குத்தான்..."

சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டான்.

வாளியில் ஐஸ் சரிந்து விழுந்தது. கடைக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அக்காவோடது சின்ன ஃபிரிட்ஜ் மேடம்" என்றான் கொஞ்சம் பொறுத்து. "மேல ஒரே ஒரு ஃபிரீசர். ரெண்டு பெரிய பாட்டிலைப் படுக்க வச்சா வேற எதுவும் வைக்க முடியாது. ஐஸ் தட்டையெல்லாம் வெளிய எடுத்துடணும்."

"ஆமா."

"மீனையும் எடுத்துடணும்."

கேரல் அவனைப் பார்த்தாள்.

"அந்த மீன் நான் வாங்கிக் கொடுத்தது மேடம். வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை லீவு, வரேன், வறுத்து வைன்னு சொல்லிட்டுப் போனேன். சரிடான்னா."

அய்யாவு சுழற்றிக்கொண்டிருந்த சாவியைச் சட்டைப்பையில் போட்டான்.

"நீ இங்கயே இரு. நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்றாள் கேரல்.

"வேணாம் மேடம். நானே வரேன்."

*

எலிசபெத் புடவை மாற்றி, கைப்பையோடு தயாராக இருந்தாள். தாஸ் குடையைத் தேடிக்கொண்டிருந்தான்.

கேரல் இரண்டு பாட்டில்களையும் மேஜையில் வைத்தாள். தெருப் பாட்டிலின் உள்ளே மூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. தாஸ் ஒரே பார்வையில் புரிந்துகொண்டான். பாடம் தெரிந்தவன் அல்லவா. மேடைச் சிரிப்பு அப்படியே இறங்கிப்போயிற்று.

எலிசபெத் பாட்டில்களைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள், அன்று முதல் முறையாக.

"அக்கா" என்றான் அவன். குரலை உயர்த்தவில்லை. "மீனை ஏன் நேத்தே கொழம்பு வச்சே?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"கெட்டுப்போயிடும்னு..."

"ஃபிரீசர்ல இருந்த மீனா?"

தாஸ் குறுக்கே வந்தான். "விஜய், இதப் பாரு, யாரும் உன்னை உள்ள தள்ளணும்னு நெனைக்கல. ஒரு கம்ப்ளெயின்ட் இருந்தா நீ வாயைத் தொறக்க மாட்டே. அந்த வெளிநாட்டு ஆளு வந்து டியூப்பை வாங்கிட்டுப் போனதும் வாபஸ் வாங்கியிருப்போம்."

"நீ இருடா" என்றாள் எலிசபெத். பிறகு தம்பியிடம், "எத்தனை வருஷம்டா பெட்டியைத் தூக்கிட்டு பஸ்ல ஏறுவேன்? சொந்தமா ஒரு சின்ன ஹால் இருந்தா பசங்க என்னைத் தேடி வருவாங்க. உன்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்? நீ அப்பா அப்பான்னே. அப்பா உனக்கு மட்டுமாடா?"

"இல்ல."

"நீ தூங்கற நேரம்தான்... உன்கிட்டயும் சாவி இருந்துச்சு. அதான்."

"என் வேலை போயிருக்குமே அக்கா."

அவள் உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்துவந்து பிரித்தாள். பாய்க்குள் பழைய வேட்டி, வேட்டிக்குள் கண்ணாடிக் குழாய். அது அந்த வீட்டைவிட்டு ஒரு அடிகூட நகரவில்லை.

"எடுத்துட்டுப் போ" என்று நீட்டினாள்.

அவன் கை நீட்டவில்லை. அப்பாவின் வேட்டியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீயே வச்சிக்க. வித்துடு. இனிமே நான் தடுக்கல."

எலிசபெத் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். அன்றைக்கு யாரும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

விஜய்குமார் திரும்பினான். வாசல் வரை போனவன் என்ன நினைத்தானோ, மறுபடி மேஜைக்கு வந்தான். மெரினா பாட்டிலை எடுத்தான்.

"காலைல இதோட ஜோடியைத் தொறந்தப்ப கடல் வாசனை வந்துச்சு மேடம். எனக்கும் வந்துச்சு. சத்தியமா கடல்னே நெனச்சேன்."

மூடியைத் திருகினான். உஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு வந்தது.

பாட்டிலை முகத்தருகே கொண்டுபோனான். பிறகு அக்காவிடம் நீட்டினான். அவள் அசையவில்லை. அவளுக்கு முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. கூடம் முழுக்க லேசாகப் பரவியிருந்தது, எல்லோருக்கும் வந்தது.

"வஞ்சரம்" என்றான் விஜய்குமார்.

மூடியைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தான்.